சொந்த மெயில் சர்வரிலிருந்து அனுப்பும் மெயில் ஏன் திரும்பி வருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாக மெயில் சர்வர் நடத்துகிறவர்கள் என்னிடம் கொண்டுவரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே ரகம். சர்வர் ஓடுகிறது, மெயில் வருகிறது, ஆனால் ஜிமெயிலுக்கோ அவுட்லுக்குக்கோ யாகூவுக்கோ அனுப்பினால் கதவைச் சாத்துகிறார்கள். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுச் செல்லும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. எனக்கு வர்ற மெயில் எல்லாம் ஒழுங்கா வருது. நான் அனுப்புறது மட்டும் ஏன் திரும்பி வருது?

வாங்குவதும் அனுப்புவதும் வெவ்வேறு வேலைகள். வாங்குவதற்கு உங்கள் டொமைனுக்கு ஓர் எம்எக்ஸ் ரெக்கார்டும் (மெயிலை எந்த சர்வருக்குக் கொண்டுவர வேண்டும் என்று டிஎன்எஸ் என்ற இணையப் பெயரேட்டில் எழுதும் குறிப்பு), 25-ஆம் போர்ட்டைத் திறந்து வைத்திருக்கும் ஒரு சர்வரும் போதும். அனுப்புகிறவர்தான் உங்களைத் தேடி வருகிறார். நீங்கள் அனுப்பும்போது நிலைமை தலைகீழ்: முன்பின் தெரியாத ஓர் ஐபியிலிருந்து (இணைய முகவரி எண்) வரும் உங்களை எதிர்ப்பக்கம் நம்ப வேண்டும்.

அந்த நம்பிக்கைக்கு இரண்டு பகுதிகள். முதலாவது, 'நீ யார்?' ஐபி, சர்வர் பெயர், எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் (இந்த மூன்றின் விளக்கம் 6-ஆம் பதிலில்) எல்லாம் இதற்கான பதில்கள். இது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. பொறுமையாக உட்கார்ந்தால் முடிந்துவிடும். இரண்டாவது, 'நீ எப்படிப்பட்டவன்?' இந்த ஐபியிலிருந்தும் டொமைனிலிருந்தும் இதுவரை என்ன வந்தது, அக்கம்பக்கத்து ஐபிகள் என்ன செய்கின்றன என்பதெல்லாம் இதில் சேரும். இதில் பாதிதான் உங்கள் கையில். மெயில் திரும்பி வந்தால், தடுத்தது இந்த இரண்டில் எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ஐபியின் மீதுள்ள சந்தேகத்துக்கு டிகிம் சாவியை மாற்றிக்கொண்டிருந்தால் எத்தனை நாள் ஆனாலும் தீராது.

2. திரும்பி வர்ற மெயில்ல ஒரு பக்கத்துக்கு இங்கிலீஷ் இருக்கு. எந்த வரியைப் பார்க்கணும்?

மூன்று இலக்க எண்ணில் தொடங்கும் வரியை. அது 4-இல் தொடங்கினால் 'இப்போது வேண்டாம், பிறகு வா' என்று பொருள். உங்கள் சர்வர் தானாகவே மறுபடி முயலும். 5-இல் தொடங்கினால் முடிவான மறுப்பு. அதை ஒட்டிப் புள்ளி வைத்த இன்னோர் எண் இருக்கும். காரணம் அங்கேதான் இருக்கிறது. ஜிமெயில் 550 5.7.25 என்றால் பிடிஆர் (ஐபியிலிருந்து பெயரைக் காட்டும் டிஎன்எஸ் குறிப்பு) இல்லை அல்லது பொருந்தவில்லை. 550 5.7.26 என்றால் எஸ்பிஎஃப், டிகிம் வழியாக உங்களை அடையாளம் காண முடியவில்லை. 421 4.7.28 என்றால் அந்த ஐபியிலிருந்து வேண்டாத மெயில் வழக்கத்துக்கு மீறி வருவதாகக் கருதுகிறது. அவுட்லுக் பக்கம் வரியின் கடைசியில் எஸ்3140 அல்லது எஸ்3150 என்று வந்தால் உங்கள் ஐபி இருக்கும் வலைப்பகுதியே அவர்களுடைய தடைப்பட்டியலில் இருக்கிறது. யாகூவின் டிஎஸ்எஸ்04 தற்காலிக நிறுத்தம். மெயில் அளவையோ பயனர் புகார்களையோ காரணமாகச் சொல்லும். இவற்றில் முதல் இரண்டும் 'நீ யார்' ரகம், மற்றவை 'எப்படிப்பட்டவன்' ரகம்.

ஒன்றைக் கவனியுங்கள். 4-இல் தொடங்கும் பதில் வந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் (மெயில் சர்வர் மென்பொருள்) இயல்பாக 5 நாள் வரை மெயிலை க்யூவில் வைத்து முயன்றுகொண்டே இருக்கும், உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாது. தாமத எச்சரிக்கை நேரம் என்ற அமைப்பு இயல்பில் பூஜ்ஜியமாக இருப்பதுதான் காரணம். அதை 4 மணி நேரம் என்று மாற்றுங்கள். அவசரக் கடிதம் போய்ச் சேரவில்லை என்பது ஐந்தாம் நாள் தெரிவதும் அன்றைக்கே தெரிவதும் ஒன்றல்ல.

3. வீட்டு பிராட்பேண்ட்லயே சர்வர் வெச்சு அனுப்ப முடியாதா?

வாங்கலாம். நேரடியாக அனுப்புவது பெரும்பாலும் நடக்காது. வைரஸ் பிடித்த வீட்டுக் கணினிகள் கோடிக்கணக்கில் ஸ்பேம் அனுப்பிய அனுபவத்தில், பல இணையச் சேவை நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளில் 25-ஆம் போர்ட்டை வெளிநோக்கி அடைத்திருக்கின்றன. அடைக்காத இடத்திலும் உங்கள் ஐபி, தடைப்பட்டியல்கள் நடத்தும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் பிபிஎல் பட்டியலில் இருக்க வாய்ப்பு அதிகம்.

அந்தப் பட்டியலில் இருப்பதால் நீங்கள் குற்றவாளி ஆகிவிடவில்லை. 'இந்த ஐபிகளிலிருந்து நேரடியாக மெயில் வரக்கூடாது' என்ற கொள்கையைச் சொல்லும் பட்டியல் அது. இணையச் சேவை நிறுவனங்களே தங்கள் முகவரிகளை அதில் சேர்க்கின்றன. மாறாத ஐபி இருந்து, அதற்குப் பிடிஆர் வைக்கவும் உங்கள் நிறுவனம் சம்மதித்தால், அந்த ஒற்றை ஐபியை நீக்கும்படி ஸ்பாம்ஹவுஸ் தளத்தில் நீங்களே கேட்கலாம். இல்லையென்றால் 15-ஆம் பதிலுக்குப் போய்விடுங்கள்.

4. விபிஎஸ் (வாடகை சர்வர்) வாங்கி எல்லாம் போட்டாச்சு. 'கனெக்‌ஷன் டைம்ட் அவுட்'னு க்யூவிலேயே நிக்குது. ஜிமெயில் என்னை பிளாக் பண்ணிடுச்சா?

இல்லை. ஜிமெயில் உங்களைப் பார்க்கவே இல்லை. தடுக்கிறவர்கள் ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லித்தான் தடுப்பார்கள். பதிலே இல்லாமல் நேரம் கடந்துபோகிறது என்றால் உங்கள் சர்வரிலிருந்து 25-ஆம் போர்ட் வெளியே போகவில்லை. பல கிளவுட் நிறுவனங்கள் புதுக் கணக்குகளுக்கு அதை அடைத்தே கொடுக்கின்றன. என்ன அனுப்பப்போகிறீர்கள் என்று விளக்கி ஒரு டிக்கெட் போட்டால் சிலர் திறப்பார்கள், சிலர் எந்த நிலையிலும் திறக்க மாட்டார்கள். பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

5. பிடிஆர், ரிவர்ஸ் டிஎன்எஸ்னு சொல்றாங்களே, அதை எங்க போய் வைக்கணும்? என் டிஎன்எஸ் பக்கத்துல அந்த வசதியே இல்ல.

அங்கே இருக்காது. டொமைன் உங்களுடையது, ஐபி உங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்துடையது. ஐபியிலிருந்து பெயருக்குப் போகும் வழியை ஐபிக்குச் சொந்தக்காரர்தான் வைக்க முடியும். அவர்களுடைய கன்ட்ரோல் பேனலில் ரிவர்ஸ் டிஎன்எஸ் என்ற பெட்டி இருக்கும். இல்லையென்றால் கேட்டு வாங்க வேண்டும்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். உங்கள் ஐபி 203.0.113.25. அதன் பிடிஆர் மெயில்.எக்ஸாம்பிள்.காம் என்று சொல்ல வேண்டும். பிறகு மெயில்.எக்ஸாம்பிள்.காம் என்ற பெயரைத் தேடினால் அதே 203.0.113.25 திரும்பி வர வேண்டும். உங்கள் போஸ்ட்ஃபிக்ஸ் எதிர்ப்பக்கத்தில் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் ஹெலோ பெயரும் அதே மெயில்.எக்ஸாம்பிள்.காம் ஆக இருக்கட்டும். போய் வரும் வட்டம் இப்படி மூட வேண்டும். ஹோஸ்டிங் நிறுவனம் தானாக வைத்திருக்கும், ஐபி எண்களையே கோத்து எழுதிய நீளமான பெயரும் தொழில்நுட்பப்படி பிடிஆர்தான். ஆனால் பல சர்வர்கள் அதை வீட்டு இணைப்பு என்றே எடுத்துக்கொள்கின்றன. அதை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

6. எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூணும் வேணுமா? நான் ஒண்ணும் நியூஸ்லெட்டர் நடத்தலையே.

எந்த ஐபிகள் உங்கள் டொமைன் பெயரில் அனுப்பலாம் என்பதை எஸ்பிஎஃப் சொல்கிறது. மெயிலின் மீது டிகிம் ஒரு கையொப்பம் இடுகிறது. இந்த இரண்டில் ஒன்றாவது, வாசிப்பவர் கண்ணில் படும் அனுப்புநர் டொமைனோடு பொருந்துகிறதா என்று டிமார்க் பார்க்கிறது. பொருந்தாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்ற உங்கள் விருப்பத்தையும் அதுவே அறிவிக்கிறது. 2024 பிப்ரவரி முதல், நாளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்கள் மூன்றையும் வைத்தே ஆக வேண்டும். யாகூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களிடம் அதே காலத்தில் இதையே கேட்டது. அவுட்லுக்.காம் வகை முகவரிகளுக்கு மைக்ரோசாஃப்ட் 2025 மே மாதம் இதே 5,000 வரம்போடு பின்தொடர்ந்தது. அந்த அளவுக்குக் கீழே இருப்பவர்களிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம், சரியான பிடிஆர், டிஎல்எஸ் (மறையாக்கம் செய்த) இணைப்பு ஆகியவற்றை ஜிமெயில் எதிர்பார்க்கிறது.

அவர்கள் விதிப்படி ஒன்று போதும் என்றாலும் மூன்றையும் வையுங்கள். ஊர் பேர் தெரியாத சின்ன சர்வருக்குத் தன் அடையாளத்தை ஐயமில்லாமல் காட்டுவதை விட்டால் வேறு பலம் கிடையாது. வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் மூன்று. ஒரே டொமைனுக்கு இரண்டு எஸ்பிஎஃப் ரெக்கார்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. எஸ்பிஎஃப் உள்ளே டிஎன்எஸ் தேடல்கள் 10-ஐத் தாண்டக் கூடாது. 2048 பிட் டிகிம் சாவி 255 எழுத்துக்கு மேல் போகும் என்பதால் அதை டிஎன்எஸ்-இல் துண்டுகளாக, ஒவ்வொன்றையும் மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும். சில கன்ட்ரோல் பேனல்கள் இதைச் சொல்லாமலே வெட்டிவிடுகின்றன.

7. எஸ்பிஎஃப் பாஸ்னு காட்டுது, டிமார்க் மட்டும் ஃபெயில்னு வருது. இது எப்படி?

எஸ்பிஎஃப் பார்ப்பது உறை முகவரியை, அதாவது திரும்பும் மெயில் போய்ச் சேர வேண்டிய முகவரியை. வாசிப்பவர் பார்ப்பதோ ஃபிரம் வரியை. இரண்டும் வேறு வேறு டொமைனாக இருக்கலாம். சர்வரில் ஓடும் ஒரு வலைச்செயலி, ஃபிரம் வரியில் எக்ஸாம்பிள்.காம் என்று போட்டுவிட்டு, உறையில் ஹோஸ்டிங் நிறுவனம் கொடுத்த பழைய பெயரை வைத்து அனுப்பும். அந்தப் பழைய பெயருக்கு எஸ்பிஎஃப் தேறும், உங்கள் டொமைனோடு பொருந்தாது, டிமார்க் தோற்கும்.

உங்கள் ஜிமெயில் கணக்கு ஒன்றுக்கு ஒரு மெயில் அனுப்பி, 'ஷோ ஒரிஜினல்' திறந்து பாருங்கள். மேலே மூன்றுக்கும் முடிவு இருக்கும். பாஸ் என்ற சொல்லோடு நிறுத்தாமல், எந்த டொமைனுக்குப் பாஸ் என்பதையும் படியுங்கள். செயலி அனுப்பும் மெயிலில் மெசேஜ்-ஐடி வரி இருக்கிறதா என்பதையும் அதே பக்கத்தில் பார்த்துவிடலாம். அது இல்லாத மெயிலை ஜிமெயில் மறுப்பதுண்டு. கையால் எழுதிய ஸ்கிரிப்ட்களில் இது அடிக்கடி விடுபடுகிறது.

8. டிமார்க்ல 'ரிஜெக்ட்' வெச்சா என் மெயிலுக்கு மதிப்பு கூடுமா?

அதனால் இன்பாக்ஸில் இடம் கிடைத்துவிடாது. உங்கள் பெயரில் மற்றவர்கள் போலியாக அனுப்புவதைத்தான் அது தடுக்கும். 'நன்' (none, அதாவது எதுவும் செய்ய வேண்டாம்) என்று தொடங்கி, அறிக்கை வரும் முகவரியைச் சேர்த்து, சில வாரம் வரும் அறிக்கைகளைப் படித்த பிறகு கடுமையாக்குங்கள். நீங்களே மறந்துபோன ஏதோ ஒரு பிரின்டரோ பேக்கப் ஸ்கிரிப்ட்டோ உங்கள் டொமைனில் மெயில் அனுப்பிக்கொண்டிருப்பது அந்த அறிக்கையில்தான் தெரியவரும்.

9. ஒரு செக்கிங் தளத்துல போட்டேன், மூணு பிளாக்லிஸ்ட்ல சிவப்பா காட்டுது. காசு கட்டினா உடனே எடுக்கறாங்களாம். கட்டலாமா?

கட்டாதீர்கள். பட்டியல்களில் கனமானவையும் உண்டு, யாரும் பெரிதாகப் பொருட்படுத்தாதவையும் உண்டு. ஸ்பாம்ஹவுஸ் கனமானது, அதில் இருந்தால் யாகூ உட்படப் பலர் அதையே காரணமாகச் சொல்லி மறுப்பார்கள். அதன் எஸ்பிஎல், சிஎஸ்எஸ், எக்ஸ்பிஎல் பட்டியல்களில் இருந்தால் உங்கள் ஐபியிலிருந்து ஏதோ உண்மையாகவே நடக்கிறது என்று எடுத்துக்கொண்டு 14-ஆம் பதிலைப் பாருங்கள். அங்கிருந்து நீக்கக் கட்டணம் இல்லை. யூசிஇபுரொடெக்ட் பட்டியலின் மூன்றாம் நிலையோ ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தின் மொத்த வலையமைப்பையும் சேர்த்து அடிப்பது. அதில் தனியாக நீங்கள் திருத்த ஒன்றுமில்லை. விரைவாக நீக்கக் கட்டணம் கேட்கும் பட்டியலும் இதுதான். பட்டியல் நடத்துகிறவர்கள் நீக்குவதற்குப் பணம் கேட்கக் கூடாது என்று 2012-இல் வந்த ஆர்எஃப்சி 6471 என்ற இணைய வழிகாட்டு ஆவணம் தெளிவாகவே சொல்கிறது.

நீங்களே டிஎன்எஸ் வழியாகத் தேடினால் ஒரு பொறி இருக்கிறது. 8.8.8.8 போன்ற பொது ரிசால்வர் (எல்லோரும் பயன்படுத்தும் டிஎன்எஸ் தேடல் சேவை) மூலம் ஸ்பாம்ஹவுஸைக் கேட்டால் 127.255.255.254 என்று பதில் வரும். பட்டியலில் இருக்கிறீர்கள் என்பதல்ல அதன் பொருள். 'இந்த வழியாகக் கேட்காதே' என்பதுதான். இதைப் பார்த்துப் பதறியவர்கள் பலர்.

10. எந்த பிளாக்லிஸ்ட்லயும் என் ஐபி இல்ல. எல்லா டெஸ்ட்டும் பச்சை. அவுட்லுக் மட்டும் விடவே மாட்டேங்குது.

பெரிய நிறுவனங்கள் சொந்தப் பட்டியல் வைத்திருக்கின்றன. அது வெளியே தெரியாது. எஸ்3140 வரியை நிதானமாகப் படியுங்கள்: 'உங்கள் இணைய நிறுவனத்தின் வலையமைப்பில் ஒரு பகுதி எங்கள் தடைப்பட்டியலில் இருக்கிறது' என்கிறது. அதாவது நீங்கள் ஒழுங்காக இருந்தும், உங்களைச் சுற்றியுள்ள விபிஎஸ்களில் யாரோ செய்தது உங்கள் தலையில் விடிகிறது. இது நியாயமில்லைதான். ஐபி விலை மலிவாக இருக்கும் இடத்தில் ஸ்பேமர்களும் குடியேறுகிறார்கள் என்பதும் உண்மைதான்.

செய்யக்கூடியவை உண்டு. மைக்ரோசாஃப்டின் எஸ்என்டிஎஸ் என்ற இலவசச் சேவையில் உங்கள் ஐபியைப் பதிவு செய்யுங்கள். கூடவே ஜேஎம்ஆர்பி திட்டத்தில் சேர்ந்தால் பயனர்கள் உங்கள் மெயிலைக் குப்பை என்று குறிக்கும்போது தகவல் வரும். பிறகு அவுட்லுக்கின் அனுப்புநர் உதவிப் படிவத்தை நிரப்புங்கள். முதலில் இயந்திரத்தனமான ஒரு பதில், பெரும்பாலும் மறுப்பு, வரும். அதற்கே பதில் எழுதி, சர்வர் எதற்காக, யார் பயன்படுத்துகிறார்கள், பிடிஆர், எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் எப்படி இருக்கின்றன என்று சுருக்கமாக, மரியாதையாகச் சொல்லுங்கள். மனிதர் பார்வைக்குப் போகும் வழி அதுதான். நிறுவனங்களின் மைக்ரோசாஃப்ட் 365 முகவரிகளுக்குத் தனி நீக்கப் பக்கம் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

11. நாளைக்குப் பத்து மெயில்தான் அனுப்புறேன். என்னைப் போய் ஸ்பேமர் மாதிரி நடத்தறாங்களே?

பத்தே மெயில் என்பதுதான் சிக்கல். நல்ல பெயர் என்பது இந்த அமைப்புகளுக்கு ஒரு கணக்கு. கணக்குப் போட எண்ணிக்கை வேண்டும். ஜிமெயிலின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் பதிவு செய்தாலும் இவ்வளவு குறைவாக அனுப்பினால் வரைபடங்கள் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். கெட்ட பெயர் எடுக்காவிட்டாலும் நல்ல பெயர் என்று ஒன்று சேரவில்லை. அப்போது சந்தேகத்தின் பலன் உங்களுக்குக் கிடைப்பதில்லை. சின்ன சர்வர்களுக்கு இந்த ஏற்பாடு பாதகமானது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மின்னஞ்சல் யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய வலையாகத் தொடங்கியது. அது அப்படியே இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களில் நானும் ஒருவன்.

நடைமுறையில் உதவுவது பரிமாற்றம். நீங்கள் அனுப்பியதற்கு எதிர்ப்பக்கம் பதில் எழுதுவது, ஸ்பேம் பெட்டியிலிருந்து எடுத்து 'ஸ்பேம் அல்ல' என்று குறிப்பது, முகவரிப் புத்தகத்தில் சேர்ப்பது. புது சர்வரில் முதல் நாளே நூறு பேருக்கு அறிவிப்பு அனுப்பாதீர்கள். தெரிந்தவர்களோடு வழக்கமான கடிதப் போக்குவரத்தைச் சில வாரம் நடத்துங்கள். மெயில்களைத் தானாகப் பரிமாறி 'சூடேற்றும்' கட்டணச் சேவைகள் பக்கம் போக வேண்டாம். போலிப் போக்குவரத்தைக் கண்டுபிடிப்பதுதான் எதிர்ப்பக்கத்து வடிகட்டியின் வேலையே.

12. லாக்ல '250 ஓகே'ன்னு இருக்கு. ஆனா அவங்களுக்கு வரலைங்கறாங்க.

250 என்றால் எதிர்ப்பக்கத்து சர்வர் பொறுப்பை ஏற்றுக்கொண்டது என்று மட்டும் பொருள். அதன் பிறகு இன்பாக்ஸா, ஸ்பேம் பெட்டியா, நிறுவனத்தின் தனித் தடுப்புப் பெட்டியா என்பது அவர்கள் முடிவு. முதலில் ஸ்பேம் பெட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் இல்லையென்றால் நேரத்தையும் 250 வரியின் கடைசியில் உள்ள அடையாள எண்ணையும் கொடுங்கள். அலுவலக முகவரியாக இருந்தால் அவர்களுடைய நிர்வாகி அதை வைத்துத் தேடிவிடுவார். ஐபிவி6 (புதிய, நீளமான வகை ஐபி) வழியாகப் போனதா என்பதையும் பாருங்கள். ஐபிவி6 முகவரிக்குத் தனிப் பிடிஆர் வேண்டும், எஸ்பிஎஃப்-இலும் அது இருக்க வேண்டும். அதைச் சரிசெய்யும் வரை போஸ்ட்ஃபிக்ஸை ஐபிவி4 வழியாக மட்டும் அனுப்பச் சொல்லலாம்.

13. என் டொமைனுக்கு வர்ற மெயிலை என் ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு பண்ணி வெச்சிருக்கேன். அதுல பாதி திரும்பிடுது.

யாரோ ஒருவர் டொமைனில் வந்த மெயிலை உங்கள் ஐபியிலிருந்து மறுபடி அனுப்புகிறீர்கள். அவருடைய எஸ்பிஎஃப்-இல் உங்கள் ஐபி இருக்காது, அது தோற்கும். டிகிம் கையொப்பம் இருந்து, நீங்கள் மெயிலைத் தொடாமல் அனுப்பினால் அது பிழைக்கும். தலைப்பில் ஒரு சொல்லையோ அடியில் ஒரு குறிப்பையோ சேர்த்தால் டிகிமும் உடையும். 2014 ஏப்ரலில் யாகூ தன் டிமார்க்கை 'ரிஜெக்ட்' என்று மாற்றியபோது உலகெங்கும் மெயிலிங் லிஸ்ட்கள் தடுமாறியது இதனால்தான். எஸ்ஆர்எஸ் போட்டு உறை முகவரியை உங்கள் டொமைனுக்கு மாற்றினால் எஸ்பிஎஃப் தேறும், ஆனால் 7-இல் சொன்ன பொருத்தம் வராது. அதற்கு மேல், உங்களிடம் வந்தபோது சோதனை முடிவுகள் எப்படி இருந்தன என்று சொல்லும் ஏஆர்சி முத்திரை சேர்க்கலாம். உங்கள் முத்திரையை நம்புவதா என்பது எதிர்ப்பக்கத்தின் விருப்பம்.

இதைவிடப் பெரிய ஆபத்து, ஸ்பேமும் சேர்ந்தே ஃபார்வர்டு ஆவது. ஜிமெயிலின் பார்வையில் அந்தக் குப்பையை அனுப்பியது உங்கள் ஐபி. ஃபார்வர்டை நிறுத்திவிட்டு, செல்போன் மெயில் செயலியில் ஐமேப் மூலம் உங்கள் சர்வரையே நேராகத் திறந்து படியுங்கள்.

14. ரெண்டு வருஷமா நல்லா ஓடின சர்வர். நான் எதுவும் மாத்தல, அதிகமா அனுப்பவும் இல்ல. திடீர்னு எல்லாரும் தடுக்கறாங்க. ஐபியை மாத்திடட்டா?

மாற்றும் முன் க்யூவைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத முகவரிகள் நிறைய இருந்தால் நீங்கள் அனுப்பாவிட்டாலும் சர்வர் அனுப்பிக்கொண்டிருக்கிறது. பொதுவான வழிகள் மூன்று: எளிய கடவுச்சொல் உள்ள ஒரு கணக்கு ஸ்பேமர் கையில் சிக்கியிருக்கும், இணையதளத்தின் தொடர்புப் படிவம் 'உங்களுக்கும் ஒரு நகல்' என்று யார் முகவரிக்கு வேண்டுமானாலும் மெயில் அனுப்பும், அல்லது இல்லாத பயனருக்கு வந்த ஸ்பேமை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு போலி அனுப்புநருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும். கடைசியானதற்கு மருந்து, இணைப்பு இருக்கும்போதே 'அப்படி ஒரு பயனர் இல்லை' என்று மறுப்பது. லாகில் எந்தப் பயனர் பெயரில் உள்நுழைந்து அனுப்பப்பட்டது என்று பதிவாகியிருக்கும். எண்ணிக்கையில் யார் முன்னால் நிற்கிறார் என்று பார்த்தாலே பாதிப் புதிர் அவிழும். பிடிஆர் இன்னும் இருக்கிறதா என்பதையும் ஒரு தரம் சரிபாருங்கள். ஹோஸ்டிங் நிறுவனம் இடம் மாற்றும்போது அது சத்தமில்லாமல் அழிந்துபோவதுண்டு.

ஓட்டையை அடைக்காமல் ஐபியை மாற்றினால் புது ஐபியும் அதே கதிக்கு வரும். டொமைனுக்கு ஏற்பட்ட கெட்ட பெயர் கூடவே வரும். பழைய ஐபி சேர்த்து வைத்திருந்த நல்ல பெயர் வராது. கோளாறு உங்களிடம் இல்லை, 10-இல் சொன்னபடி அக்கம்பக்கம்தான் காரணம் என்று உறுதியானால், அதே நிறுவனத்தில் இன்னோர் ஐபி வாங்குவதைவிட நிறுவனத்தையே மாற்றுங்கள்.

15. கடைசியில ஒரு ரிலே சேவை வழியா அனுப்பிட்டா, அப்புறம் அது சொந்த சர்வர்னு சொல்ல முடியுமா?

தாராளமாகச் சொல்லலாம். மெயில் பெட்டி, பழைய கடிதங்கள், முகவரிகள், டொமைன், வரும் மெயில் எல்லாம் உங்களிடமே இருக்கின்றன; கடைசி மைல் மட்டும் இன்னொருவர் ஐபியில் போகிறது. அமேசான் எஸ்இஎஸ், மெயில்கன், போஸ்ட்மார்க், எஸ்எம்டிபி2கோ போல நிறைய சேவைகள் உண்டு. இழப்பு ஒன்று உண்டு: வெளியே போகும் மெயிலின் உள்ளடக்கம் அவர்கள் கையைத் தாண்டிப் போகிறது. அது உங்களுக்கு முக்கியமென்றால் எல்லாவற்றையும் ரிலேவுக்குத் தள்ளாமல், போஸ்ட்ஃபிக்ஸின் டிரான்ஸ்போர்ட் அட்டவணையில் தகராறு செய்யும் டொமைன்களை மட்டும், ஹாட்மெயில், அவுட்லுக், லைவ் என்று ஒவ்வொன்றாக எழுதி, அவற்றுக்கு ரிலேவையும் மற்றவற்றுக்கு நேர்வழியையும் கொடுக்கலாம். நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

ரிலே சேர்த்ததும் 7-ஆம் பதிலைத் திரும்பப் படியுங்கள். பல ரிலேக்கள் உறையில் தங்கள் டொமைனை வைக்கும். அப்போது எஸ்பிஎஃப் பொருந்தாது, டிமார்க்கைத் தாங்குவது டிகிம் மட்டுமே. ஆகவே ரிலேவில் உங்கள் டொமைன் பெயரிலேயே டிகிம் அமைத்து, சோதனை மெயிலில் அது உங்கள் டொமைனுக்குத் தேறுகிறதா என்று பாருங்கள். அட்டவணையில் எழுதிய டொமைன்களை அப்படியே மறந்துவிட வேண்டாம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு வரியை எடுத்துவிட்டு நேராக ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். தடை சொல்லாமல் விலகியிருக்கக் கூடும்.